பச்சைப் பெட்டியில் போட்டவர்

1

பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், வேலை, குவாட்டர்ஸ் இலக்கம் எல்லாவற்றையும் எழுதி முடித்த ஆஸ்பத்திரிக் கிளாக்கர், இனம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தமிழ்” என்றேன்.

“இந்தியாவா, சிலோனா?”

“சிலோன்.”

எழுதியதை வெட்டிவிட்டு வேறு கட்டத்தில் எழுதினார். மலாயாவுக்கு வந்த நாள் தொடக்கம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கப்பலடியில் கேட்டார்கள், ரெயில்வே ஒவ்வீசில் கேட்டார்கள், மகன் பிறந்ததைப் பதியப் போனபோது கேட்டார்கள். ஊரிலே என்னை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. எந்த ஒழுங்கையில் இருந்து வருகிறேன் என்று பார்த்தாலே அவர்களுக்குப் போதும். சிரம்பானில் எங்களைக் கண்டால் ‘கிராணி வீட்டு ஆட்கள்’, அதாவது கிளாக்கர் வீட்டு ஆட்கள், என்கிறார்கள், அதற்கு மேல் விசாரிப்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகனுக்கு அப்போது நாலு வயது. நெருப்பாய்க் காய்ந்தது. பிள்ளைகள் வார்ட்டிலே கட்டிலில் கிடத்திவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். வெள்ளை உடுப்போடு ஒரு மிஸி வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“எங்கை ராசா நோகுது?”

அவனுக்கு அது விளங்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு, “சக்கிட்” என்றான். நோவுக்கு அவனிடம் இருப்பது மலாய்ச் சொல்தான். பகல் முழுவதும் பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடுகிறான். நான் தமிழில் கேட்டால் மலாயில் பதில் சொல்லுவான். தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்டதற்கும் “ஆயர்” என்றுதான் சொன்னான்.

“இவருக்கு எங்கடை கதை வராது போலை” என்று மிஸி சிரித்தாள்.

அந்தப் பேச்சிலே எங்கள் ஊர்ப்பகுதியான தென்மராட்சி இருந்தது. இத்தனை தூரத்தில், மருந்து மணக்கிற ஒரு மண்டபத்தில் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆசையோடு, “தங்கச்சி எந்த ஊர்?” என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மகனின் நெற்றியில் போட்டாள். பிறகுதான் சொன்னாள்.

“உங்கடை ஊர்தான். நீங்கள் வாசலிலை வரேக்கையே கண்டனான். நாங்கள் ஆலடி வளவிலை இருந்தனாங்கள்.”

அவளை எஸ்தர் என்று இங்கே எழுதுகிறேன். அது அவளுடைய பெயரல்ல.

2

ஆலடி வளவு என் சீதனக் காணி. அப்படித்தான் கல்யாணப் பேச்சில் சொன்னார்கள். சாவகச்சேரிக்குத் தெற்கே, கடல்நீரேரிப் பக்கமாக, தென்னையும் பனையும் கலந்து நிற்கிற பெரிய காணி. அதன் ஓரத்திலே ஏழெட்டுக் குடிசைகள் இருந்தன. எங்கள் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்கள் அவற்றில் இருந்தார்கள். எஸ்தரின் தகப்பனார் அவர்களில் மூத்தவர். அங்கே இருந்த கிணற்றைக் கல்லுடைத்து வெட்டியவர் அவர்தான்.

என் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதானால் தேர்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக நிச்சயிக்கப்பட்டவை.

எல்லாருக்கும் வாக்கு என்று சட்டம் வந்தபோது எங்கள் ஐயாவுக்கு, என் தகப்பனாருக்கு, அது பொறுக்கவில்லை. தனக்கும் ஒரு வாக்கு, தன் வண்டிலுக்கு மாடு பூட்டுகிறவனுக்கும் ஒரு வாக்கு என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவே கூசினார். கரவெட்டியில் ஒரு பிரக்கிராசியார் இருந்தார். கோயில் வழக்கொன்றில் ஐயாவுக்கு எதிராக நின்று வாதாடி வென்றவர். அவருடைய பெயரைக்கூட எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது. அந்தப் பிரக்கிராசியார் ஒருநாள் காரிலே வந்து இறங்கினார். பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்று ஒரு வாத்தியார் ஊர் ஊராகப் பேசிக்கொண்டு திரிந்த காலம் அது. அந்த வாத்தியார் சட்டசபைத் தேர்தலுக்குக் கேட்கப்போகிறார் என்ற செய்தியோடுதான் பிரக்கிராசியார் வந்தார்.

இரண்டு பேரும் மத்தியானம் தொடங்கிப் பொழுதுபடும் வரை கதைத்தார்கள். கடைசியில் ஒரு சங்கம் உண்டானது. முறைமைச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். பிரக்கிராசியார் தேர்தலில் நிற்பது, தென்மராட்சி வாக்கை ஐயா சேர்த்துக் கொடுப்பது என்று பேச்சு. கோயில் முகாமைக்காரர் சிலரும் ஒரு புகையிலை வியாபாரியும் சேர்ந்தார்கள். குருநகரில் இருந்து கத்தோலிக்கச் சம்மாட்டியார், வள்ளமும் வலையும் வைத்திருந்த முதலாளி, ஒருவரும் வந்து சேர்ந்தார். எங்கள் தொகுதியிலே அவருக்கு ஒரு வாக்கும் இல்லை. ஆனால் இரண்டு மோட்டார்க் கார் இருந்தது.

பழைய பகைக்காரர் இரண்டு பேர் சேர்ந்தால் ஊர் நம்புமா? நம்ப வைக்கிறதற்குத்தான் கல்யாணம். பிரக்கிராசியாரின் இளைய மகனுக்கு என்னைப் பேசினார்கள். சீதனம் ஆலடி வளவு. காணி உறுதிப் பத்திரம் எழுத வேண்டிய நொத்தாரிசே சங்கத்துக்குக் காரியதரிசியாகவும் இருந்தபடியால் அவருக்கு நேரமில்லை. தேர்தல் முடியட்டும், எழுதலாம் என்றார்கள். கல்யாணப் பந்தலில் மந்திரத்தை விடப் பிரசங்கம் கூடுதலாக இருந்தது.

என் நல்ல காலம், எனக்குக் கிடைத்தவர் நல்லவர். அதிகம் பேசமாட்டார், தகப்பனுக்கு மிகவும் பயந்தவர். அரசியல் கூட்டத்துக்குப் போனால் பின்வாங்கில் இருந்து நித்திரை கொள்ளுவார். எங்களுக்குள்ளே அன்பு வந்தது. ஒரு காரியத்துக்காகக் கட்டிய முடிச்சில் அன்பு வந்ததை இப்போதும் அதிசயமாக நினைக்கிறேன்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? பெண்களுக்கும் வாக்கு இருந்தது. பெண்களிடம் போய்ச் சொல்ல ஒரு பெண் வேண்டுமென்றார்கள். படித்த மருமகள் நான் போனேன். தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி, வாக்குச்சீட்டை அதில் போடவேண்டும். பிரக்கிராசியார் இப்போது எனக்கு மாமா. மாமாவின் நிறம் பச்சை, வாத்தியாருடையது சிவப்பு. ஆலடி வளவுக்கும் போனேன். குடிசைக்கு வெளியே முற்றத்தில் நின்றுகொண்டு, “பச்சை. மறக்கப்பிடாது, வெத்திலைப் பச்சை” என்று சொல்லிக் கொடுத்தேன். எஸ்தரின் தகப்பனார் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஓம் நாச்சியார், வெத்திலைப் பச்சை” என்று திருப்பிச் சொன்னார். படலையடியில் புத்தகத்தோடு ஒரு பெட்டை நின்றாள். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் எஸ்தர்.

3

இங்கே எங்கள் வீடு ரெயில் பாதைக்குப் பக்கத்தில். காலை மெயில் போனதும் இவருக்குச் சாப்பாடு கட்டவேண்டும், பகல் வண்டி போனதும் துணி எடுக்க வேண்டும். மணிக்கூடு பார்க்க வேண்டியதில்லை. வண்டிகள் போவதும் வருவதுமாக ஒரு நாள் கழிகிறது. அதற்கு நடுவிலே எதை நினைக்கக் கூடாது என்று இருக்கிறேனோ அது வந்துவிடும்.

தேர்தல் வேலைக்காக நான் ஐயா வீட்டில் வந்து நின்றேன். தேர்தலன்று அந்த வீட்டுப் படலையில் விடியமுன்னமே வண்டில்கள் வரிசையாக நின்றன. சம்மாட்டியாரின் கார் இரண்டும் பச்சைத் துணி கட்டிக்கொண்டு ஓடின. வந்தவர்களுக்கெல்லாம் சோடா, வெற்றிலை, மத்தியானம் சோறு. இவ்வளவு செய்தும் தோற்றுப்போனோம். சிறிய தோல்வி அல்ல, வெளியில் தலைகாட்ட முடியாத தோல்வி.

முடிவு தெரிந்த மறுநாள் சங்கம் எங்கள் வீட்டில் கூடியது. சம்மாட்டியார் வரவில்லை. அவருடைய கார்கள் பச்சைத் துணியைக் கழற்றிவிட்டு வாத்தியாரின் ஊர்வலத்தில் போவதைச் சாவகச்சேரிச் சந்தையில் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார். புகையிலை வியாபாரி சுகமில்லை என்று ஆள் அனுப்பினார். கோயில் முகாமைக்காரர்கள் வந்தார்கள், ஆனால் ஐயாவோடு ஒருபக்கமும் மாமாவோடு ஒருபக்கமும் பிரிந்து இருந்தார்கள். போன கிழமை வரை ஒரே வரிசையில் இருந்தவர்கள்.

நான் உள்ளே, கதவுக்குப் பின்னால் அம்மாவோடு நின்றேன். தன் பக்கமான வடமராட்சியில் தனக்கு விழவேண்டியது விழுந்தது என்றும், தென்மராட்சிதான் கவிழ்த்தது என்றும் மாமா சொன்னார். பிரக்கிராசியார் தன் சொந்தக்காரரையே பகைத்து வைத்திருக்கிறார், அவர்கள்தான் சிவப்பில் போட்டார்கள் என்று ஐயா சொன்னார். பழைய கோயில் வழக்கு வந்தது. அதற்கு முந்திய ஒரு வேலிச் சண்டையும் வந்தது.

கடைசியில் மாமா எழும்பினார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. கோட்டில் சாட்சியை மடக்குகிற குரலில் மெதுவாகக் கேட்டார்.

“உம்மடை காணியிலை இருக்கிறவங்கள் எந்தப் பெட்டியிலை போட்டவங்கள் எண்டு உமக்குத் தெரியுமோ? உம்மடை வண்டிலிலை வந்து, உம்மடை சோத்தைத் திண்டிட்டுச் சிவப்பிலை போட்டிருக்கிறாங்கள். வீட்டுக்குள்ளையே ஒழுங்கு இல்லாத மனிசனை நம்பி நான் தேர்தலுக்கு இறங்கினன்.”

ஐயாவுக்கு அதைவிட வேறு அவமானம் இருக்க முடியாது. அவர் முகம் கறுத்துப் போனதைக் கதவு நீக்கலுக்குள்ளால் கண்டேன்.

“என்ரை பக்கம் பிழையெண்டால் நான் திருத்திக் காட்டுறன். நாளைக்கு வந்து ஆலடி வளவைப் பாரும்” என்றார்.

4

அடுத்த நாள் குடிசைகளைப் பிரித்தார்கள். பிரிக்கச் சொன்னது ஐயா, பிரித்தது எங்கள் வயலில் வேலை செய்த வேறு ஆட்கள். கிடுகை ஒருபக்கம், தடியை ஒருபக்கம் அடுக்கினார்கள். சட்டி பானைகளை ஒழுங்கையில் கொண்டுவந்து வைத்தார்கள். அடிதடி இல்லை, அழுகைச் சத்தமும் பெரிதாக இல்லை. எஸ்தரின் தகப்பனார் ஐயாவிடம் வந்து, தாங்கள் என்ன பிழை செய்தோம் என்று மட்டும் கேட்டாராம். ஐயா திரும்பி நடந்துவிட்டாராம்.

இதைத் தடுக்க நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஐயாவிடம் சொன்னா. “உது பிள்ளையின்ரை காணிதானே, அவளையும் ஒருக்காக் கேளுங்கோவன்” என்று அம்மா சொன்னதற்கு, உறுதி எழுதும்வரை அது தன் காணி என்று ஐயா பதில் சொன்னார். அதோடு நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிவிட்டோம். ஒருதரம் கேட்டதே பெரிய காரியம் என்று எனக்கு அப்போது பட்டது.

மாமா வந்து பார்க்கவில்லை. யாருக்குக் காட்டவேண்டுமென்று ஐயா அதைச் செய்தாரோ அந்த மனிதர் அந்தப் பக்கமே வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மாதத்தில் வழக்கு வந்தது. சீதனமாகப் பேசிய ஆலடி வளவை எழுதித் தரவில்லை என்று வழக்கு. வழக்காளிகள் நானும் என் கணவரும், எதிராளி என் ஐயா. மாமா கடதாசிகளைக் கொண்டுவந்து மகனுக்கு முன்னால் வைத்தார், மகன் கையெழுத்து வைத்தார். பிறகு எனக்கு முன்னால் வைத்தார்.

அப்போது நான் கரவெட்டிக்குத் திரும்பி, மாமா வீட்டில் இருந்தேன். மூன்று மாதப் பிள்ளை வயிற்றில். ஐயா ஆள் அனுப்பி என்னை வரச்சொன்னார். போனால் திரும்பி வரக் கூடாது என்று மாமி சொன்னா. போகாவிட்டால் இனித் தனக்கு மகள் இல்லை என்று ஐயா சொல்லிவிட்டார். நான் கையெழுத்து வைத்தேன். சாப்பிடுகிற வீட்டில் சமாதானமாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் வேறு காரணம் எனக்கு இருக்கவில்லை.

என் கணவரின் ஒன்றுவிட்ட தமையன் சிரம்பானில் ரெயில்வேயில் இருந்தார். அவர் ஒரு வேலை பார்த்துக் கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவிலே மூச்சுவிட முடியாமல் இருந்த எங்களுக்கு அது தப்பி ஓட ஒரு கதவு. கப்பலில் கரை மறைந்தபோது இவர் அழுதார். நான் அழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இப்போது என்னைப் போட்டு வதைக்கிறது.

ஆலடி வளவுக்குள் வழக்கு முடியும்வரை இரண்டு பகுதியாரும் போகக் கூடாது என்று கோட்டுக் கட்டளை. வழக்கு முடியவில்லை. ஊருக்குப் போய் வந்த ஒருவர் அதைப் பார்த்தாராம். தேங்காய் விழுந்து கிடந்தபடியே முளைத்திருக்கிறதாம். கிணற்றுக்குள்ளால் ஒரு அரசங்கன்று எழும்பி நிற்கிறதாம்.

5

காய்ச்சல் விட ஒரு கிழமைக்கு மேல் சென்றது. அந்த நாட்களில் எஸ்தர் என் மகனுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். ‘நோகுது’ என்றான். ‘உது வேண்டாம்’ என்றான். மருந்தைக் கண்டதும் ‘ஐயோ கைக்குது’ என்று ஒருநாள் சொன்னபோது நான் திரும்பிக்கொண்டேன். நாலு வருடம் நான் சொல்லிக் கொடுக்க முடியாத எங்கள் பேச்சை அவன் அவளிடம் படித்தான்.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கத் துணியவில்லை. அவளாகத்தான் சிறிது சிறிதாகச் சொன்னாள். ஒழுங்கையில் இருந்து எழும்பி மிசன் ஆட்களிடம் போனார்கள். அரியாலைப் பக்கம் கடலோரமாக ஒரு துண்டு நிலத்தில் இருக்க விட்டார்கள். தகப்பனார் அங்கே கடலில் தடி நட்டுக் கட்டுகிற களங்கட்டி வலையில் கூலிக்குப் போகிறார். தாய் முதல் மாரி மழையிலேயே செத்துப்போய்விட்டா. எஸ்தர் மிசன் ஆஸ்பத்திரியில் தாதி வேலை படித்தாள். ஒரு டொக்டர் அம்மா மலாயாவுக்கு வந்தபோது இவளையும் கூட்டிக்கொண்டு வந்தா. இவ்வளவையும் அவள் போர்வையை மடித்துக்கொண்டும் வெப்பம் பார்த்துக்கொண்டும் சொன்னாள். நாச்சியார் என்று என்னை அவள் ஒருதரமும் கூப்பிடவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை. ‘நீங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

மகனை வீட்டுக்குக் கொண்டுபோகிற நாளன்று அவள் வாசல்வரை வந்தாள். அங்கே நின்று கேட்டாள்.

“எங்களை எழுப்பின காணியிலை இப்ப ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“ஒருத்தரும் இல்லையோ?”

“வழக்கிலை கிடக்குது. ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது.”

ஐயாவோ மாமாவோ யாராவது அதில் வீடு கட்டி இருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வருத்தமாக இருந்திராது என்று நினைக்கிறேன்.

“அப்பு பச்சையிலைதான் போட்டவர்” என்றாள். “அம்மாவும்தான். நான் சிவப்பிலை போடச் சொல்லிச் சண்டை பிடிச்சனான். நயினார் வண்டில் விட்டவர், அவரின்ரை மகள் முத்தத்திலை வந்து நிண்டு கேட்டவ, அவைக்குப் போடாமல் ஆருக்குப் போடுறது எண்டு சொன்னவர். இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறவர்.”

மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். ரிக்சாக்காரன் காத்துக்கொண்டு நின்றான். நான் மகனைத் தூக்கிக்கொண்டு ரிக்சாவில் ஏறினேன்.

6

அன்று பின்னேரம் இவர் வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் கையெழுத்து வைக்காமல் விட்டிருக்க வேணும்” என்றார்.

“நானும்தான்.”

“வழக்கை விடுவம்.”

தகப்பனுக்கு எதிராக அவர் ஒரு வசனம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். ஆனால் வழக்கை விட்டால் காணி ஐயாவிடம் போகும், ஐயா அதைப் பூட்டி வைப்பார். ஆகவே ஐயா, மாமா இரண்டு பேருக்கும் ஒரே மாதிரியாக எழுதினோம். எங்களுக்குக் காணி வேண்டாம், வழக்கும் வேண்டாம். அங்கே இருந்து எழுப்பப்பட்டவர்களைத் திரும்பக் கொண்டுவந்து குடியிருத்துங்கள். அவர்கள் எங்களுக்கு எதிராக வாக்குப் போடவில்லை. இதை மட்டும் செய்தால் போதும், வேறு ஒன்றும் கேட்கமாட்டோம். உங்களுக்கு ஒரு பேரன் இருக்கிறான், அவன் பெயரால் கேட்கிறோம் என்றும் எழுதினேன். அந்த வரியை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

எழுதிய பிறகு எஸ்தரிடம் போய்ச் சொன்னேன். அவள் சந்தோசப்பட்டதாகத் தெரியவில்லை. “பாப்பம்” என்றாள்.

பதிலுக்கு நாங்கள் காத்திருந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வரும், சிரிக்க முடியாது. ஐயா இரங்கினாலும் மாமா விடமாட்டார் என்று நானும், மாமா இறங்கிவந்தாலும் ஐயா விடமாட்டார் என்று இவரும் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டு கடிதம் வரும் என்று பார்த்திருக்க ஒன்றுதான் வந்தது. மாமாவின் எழுத்து. அடியிலே அவருடைய கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் ஐயாவின் கையெழுத்து.

இவர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். எங்கள் கடிதங்கள் கிடைத்ததும் மாமா ஐயாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். இரண்டு பேரும் சாவகச்சேரியில் அந்த நொத்தாரிசு வீட்டில் சந்தித்திருக்கிறார்கள். பிள்ளைகள் பிறதேசத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு மனம் கலங்கி இப்படி எழுதியதைப் பார்க்கும்போது, தாங்கள் பகைத்துக்கொண்டு நின்றதால் வந்த கேடு விளங்கியதாம். எழுப்பினவர்களைத் திரும்பக் குடியிருத்துவது என்பது மட்டும் நடக்காத காரியமாம். ஒருதரம் பின்வாங்கினால் பிறகு ஊரில் ஒழுங்கு என்று ஒன்று இருக்காது என்பதில் தாங்கள் இருவரும் ஒருமனதாக இருக்கிறார்களாம். வழக்கை முடித்துவிட்டார்களாம். காணியைப் பேரன் பெயரில் எழுதியாயிற்றாம். அடுத்த கிராமச் சங்கத் தேர்தலுக்கு முறைமைச் சங்கம் மறுபடியும் ஆள் நிறுத்தும் என்று கடைசி வரியில் இருந்தது.

உள்ளே அம்மா தனியாக ஒரு சிறு துண்டு வைத்திருந்தா. ஐயா கரவெட்டிக்குப் போய் மாமா வீட்டில் கைநனைத்து வந்தாராம். அம்மாவும் மாமியும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். ‘பிள்ளை, அஞ்சு வருசமாய் நான் வைக்காத நேர்த்தி இல்லை. உன்னாலைதான் இரண்டு வீடும் ஒண்டாச்சுது. நீ நல்லாயிருக்க வேணும்’ என்று எழுதியிருந்தா.

அந்த வரியைப் போல என்னைத் தலைகுனிய வைத்தது வேறொன்றும் இல்லை. ஐயா எழுதியதைக் கோபத்தோடு தள்ளிவிடலாம். மாமாவின் சட்டப் பேச்சையும் தள்ளிவிடலாம். அம்மாவின் சந்தோசத்தை என்ன செய்வது? அது உண்மையான சந்தோசம். நான் அழுது மன்றாடிக் கேட்டதுதான் கிடைத்தும் இருக்கிறது, இரண்டு வீடும் சேர வேண்டும் என்று நானும் எத்தனையோ நாள் கும்பிட்டிருக்கிறேன்.

இவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். மகன் அவருடைய காலைக் கட்டிக்கொண்டு எதையோ மலாயில் கேட்டான். இவன் பெயரில் காணியை எழுதியிருக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. இருபத்தொரு வயது வரும்வரை அதை விட்டுக்கொடுக்க அவனாலும் முடியாது, எங்களாலும் முடியாது. மாமா நல்ல பிரக்கிராசியார்.

7

எஸ்தரிடம் போவதற்கு எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. தாதிமார் இருக்கிற விடுதிக்கு முன்னால் ஒரு மரவாங்கு உண்டு. அதில் இருந்து சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, இரண்டு பேரும் சேர்ந்துவிட்டதையும் சொன்னேன்.

அவள் ஆத்திரப்படுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ஆத்திரப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நான் அப்புவுக்கு எழுதேல்லை. நல்லதாப் போச்சுது” என்றாள். “அவர் இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறார், நயினாருக்கு ஆரோ கோள் சொல்லிப் போட்டினம், உண்மை தெரிஞ்சால் கூப்பிடுவார் எண்டு. உண்மை தெரிஞ்சும் கூப்பிடேல்லை எண்டு அவருக்குத் தெரியப்பிடாது. நீங்கள் கேட்டுப் பாத்தனீங்கள் எண்டதும் தெரியப்பிடாது.”

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“ஊருக்கு எழுதுற பத்திரிகையிலையும் எழுதாதேங்கோ. அரியாலையிலை அவருக்கு வாசிச்சுக் காட்ட ஆக்கள் இருக்கினம்.”

நான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுவது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கேட்டபடியால்தான் போன வருடம் முழுவதும் ரெயில்வே குவாட்டர்ஸையும் மலாய்ப் பலகாரங்களையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அவற்றை வாசித்து நன்றாக இருக்கிறதென்று கடிதம் போட்ட சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. இங்குள்ள எங்கள் ஆட்களில் இரண்டு குடும்பம் அதற்குப் பிறகு எங்களிடம் வருவதில்லை. மகன் அவளோடு ஊர்க்கதை கதைப்பான். நான் சமைத்ததை அவள் சாப்பிடுவாள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைப்பதில்லை, அவளும் அப்படிக் காட்டிக்கொள்வதில்லை. மகனைப் பார்க்க வருகிறாள். காணிக்காரன் என்று ஒருநாள் அவனைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள்.

போன மாதம் அவள் விடிய வேலை முடிந்த கையோடு வந்தாள். உடுப்பு மாற்றவில்லை. அரியாலையில் இருந்து தந்தி வந்திருந்தது. தகப்பனார் வலைக்குப் போய் வந்து படுத்தவர், எழும்பவில்லை. அவளுக்குப் போக வழியில்லை. கப்பல் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்துவிடும். நான் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். இவர் வேலைக்குப் போகாமல் நின்றார்.

பொழுது ஏறிய பிறகு அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இனி எழுதலாம்” என்றாள். “என்ரை பேரைப் போடாதேங்கோ. நான் இன்னும் வேலை செய்ய வேணும். அப்புவின்ரை பேரைப் போடுங்கோ. முழுப் பேரையும் போடுங்கோ.”

எங்கள் வயலில் அவர் வேலை செய்த காலம் முழுவதும் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு அது தெரிந்திருக்கவுமில்லை. அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆலடி வளவில் கிணறு வெட்டி, பச்சைப் பெட்டியில் வாக்குப் போட்டவருடைய பெயர் சின்னவர் வேலாயுதர்.